சிங்கம் குடித்த தண்ணீர்

டுபாயிலிருந்து லீவில் வந்த மாமா பெட்டியைத் திறந்தார். சாரத்துக்குள் சாரமாகச் சுற்றி, நடுவில் ஆறு பியர் டின். ஒன்றை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"மாப்பிள, இதுதான் ஒரிஜினல். நம்ம டவுன்ல விக்கிறது பூராவும் பேரு மட்டுந்தான்."

டின்னில் ஐரோப்பிய நகரம் ஒன்றின் பெயர், கிரீடம், பழைய காலத்து ஆண்டு ஒன்று. மாமா கிளாஸ் எடுக்க உள்ளே போன நேரத்தில் டின்னைத் திருப்பி, போன் வெளிச்சத்தில் சின்ன எழுத்தை வாசித்தேன். காய்ச்சிய இடம் ஐரோப்பாவும் இல்லை, டுபாயும் இல்லை. ஆசியாவின் வேறொரு மூலை. அதை மாமாவிடம் சொல்லவில்லை. நுரை வழியும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை ஒரு வரிச் சின்ன எழுத்துக்காகக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆனால் கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது. பெயர் ஓர் ஊர், காய்ச்சியது இன்னோர் ஊர் என்றால் ருசி எந்த ஊருடையது?

இந்தக் கேள்விக்கு மலையகத்தை விடப் பொருத்தமான ஆய்வுகூடம் கிடைக்காது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், நூறு வருசத்துக்கு மேல் பியர் காய்ச்சிய ஊர் நுவரெலியா. (லயங்களில் குடி எத்தனை வீட்டு அடுப்பை அணைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது வேறு நூலுக்குரிய விசயம். இங்கே நாம் பார்க்கப்போவது கிளாஸுக்குள் நடக்கும் இரசாயனத்தை.)

நுவரெலியாவில் முதலில் பியர் காய்ச்சியவர் சாமுவேல் பேக்கர் என்று சொல்வது வழக்கம். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா போனாரே, அதே ஆள்தான். காய்ச்சல் கண்டு உடம்பு தேற மலைக்கு வந்தவர், ஊரின் குளிரில் மயங்கி, 1848இல் ஆட்களையும் மாடுகளையும் கலப்பைகளையும் கொண்டுவந்து இங்கே ஒரு குட்டி இங்கிலாந்தை நட்டுப் பார்த்தார். தொழிலாக நிலைத்த ஆலை 1881இலிருந்து கணக்கு. அதுதான் பின்னால் சிலோன் புரூவரி, இன்றைய லயன். காலத்தைக் கவனியுங்கள். கோப்பியைப் பூஞ்சணம் தின்று தேயிலை தலையெடுத்துக்கொண்டிருந்த வருசங்கள். நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல். அதற்கு முன் துரைமாருக்கு இங்கிலாந்து பியர் வேண்டுமானால் கப்பலில் கொழும்புக்கு வந்து, மிச்ச வழியை மாட்டு வண்டியில் ஏறிவர வேண்டும். வழியில் உடைந்ததும் புளித்ததும் போக மிஞ்சியதுதான் கிளப்புக்கு.

அப்படியானால் கொழும்பிலேயே காய்ச்சியிருக்கலாமே, ஏன் மலை உச்சி? விடை மதுவத்திடம் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பது, ஹொப்ஸ் பூவைப் போட்டு அதைக் கொதிக்கவைப்பது, ஆறவைத்து மதுவத்தை விடுவது. பியர் என்றால் இவ்வளவுதான். மதுவம் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. போகிற போக்கில் நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களையும் சிறு அளவில் விட்டுச் செல்கிறது. சூடு கூடினால் அதற்கு அவசரம் கூடும். அவசரத்தில் அது விடுகிற வாசனைகளில் ஒன்று ஐசோஅமைல் அசிற்றேற்று, அதாவது வாழைப்பழ மணம். இன்னும் சூடேறினால் வார்னிஷ் நாற்றம். கொழும்பின் 30 பாகையில், குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில், நாகரிகமான பியருக்கு வழியே இல்லை. நுவரெலியாவின் சராசரி 16 பாகை. அன்றைய ஆங்கிலேய ஏல் வகைகளுக்கு மதுவம் கேட்கும் குளிர் ஏறத்தாழ அதுவேதான். இமயமலை அடிவாரத்தில் கசவுலியும் மரீயும், தெற்கே நீலகிரியும் பியர் ஆலைகளைப் பெற்றதற்கும் இதுவே காரணம். தோமஸ் லீஷ்மன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1915இல் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றுசேர்த்து யுனைடட் புரூவரீசைத் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று நீலகிரியின் பெயரையே தாங்கியிருந்தது. வெள்ளைக்காரன் மலையேறியது சுகத்துக்காக. மதுவத்துக்கும் அதே சுகம்தான் தேவைப்பட்டது.

ஆனால் மலை எதையும் சும்மா தராது.

நுவரெலியாவில் பருப்பு வேகவைத்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்துச் சம்பந்திகள் வந்தால் முதல் நாள் சமையலில் தடுமாறுவார்கள். பானை தளதளவென்று கொதிக்கிறது, பருப்போ கல்லாகவே கிடக்கிறது. காரணம் தண்ணீரின் பிடிவாதம் இல்லை, வளியின் பலவீனம். அந்த உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தின் 80 வீதம்தான். மேலே அமர்ந்து அழுத்துகிற வளி குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது ஹட்டனில் 96க்கு அருகிலும் நுவரெலியாவில் 94க்கு அருகிலும் கொதிக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு போட்டாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. பிரஷர் குக்கர் வந்தபின் வீடுகளில் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பியர் காய்ச்சும் பானையிலும் இதே சிக்கல்தான். ஹொப்ஸின் கசப்பு பூவில் தயாராக இருப்பதில்லை. பூவிலுள்ள அல்பா அமிலங்கள் கொதியில் உருமாறினால்தான் நீரில் கரையும், நாக்கில் கசக்கும். அந்த உருமாற்றத்தின் வேகம் சூட்டைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 94 பாகையில் அது 100 பாகையில் நடப்பதை விட ஐந்தில் இரண்டு பங்கு மெதுவாக நடக்கிறது. ஒரே குறிப்பு, ஒரே பூ, ஒரே ஒரு மணிநேரக் கொதி. ஆனாலும் மலையில் காய்ச்சியது கசப்புக் குறைவாக வரும். இன்னொன்றும் உண்டு. பார்லிச் சாற்றில் கொதிக்கும்போது உருவாகி ஆவியோடு வெளியேற வேண்டிய ஒரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. சரியாக வெளியேறாவிட்டால் கிளாஸில் அவித்த கோவா வாசம் அடிக்கும். கொதிநிலை குறைந்தால் அதை விரட்டவும் அதிக நேரம் வேண்டும். கோவாத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பியரிலும் கோவா வாசம் என்றால் கொஞ்சம் அதிகம்தான். மலையில் காய்ச்சுகிறவர் நேரத்தை நீட்டியும் ஹொப்ஸைக் கூட்டியும் இதைச் சரிக்கட்ட வேண்டும்.

ஆக, இடம் ருசியை மாற்றுகிறது என்பதற்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது. அந்தச் சாட்சி மண்ணும் இல்லை, மகிமையும் இல்லை, வெறும் அமுக்கம்.

குடிக்கும் இடமும் தன் பங்குக்கு வேலை காட்டும். கொழும்பில் வாங்கிய மிக்சர் பைக்கட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். றம்பொடை வளைவுகளில் வயிறு புரட்டிக்கொண்டிருக்கும்போது பைக்கட்டைப் பாருங்கள், பலூனாக உப்பியிருக்கும். உள்ளே கொழும்பு வளி, வெளியே மலை வளி. கீழே அடைத்த பியர் போத்தலுக்கும் அதே நிலைதான், கண்ணாடி என்பதால் உப்பாது, அவ்வளவே. மூடியைத் திறந்ததும் நுரை கொஞ்சம் கூடுதலான ஆவேசத்தோடு வரும். குளிர் அதைத் தணிக்கும், ஏனென்றால் குளிர்ந்த திரவம் வாயுவை விடாமல் பிடித்துவைக்கும்.

அடுத்தது தண்ணீர். பியரில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பியர் வரைபடத்தை வரைந்தது அதுவே. செக் நாட்டுப் பில்சன் நகரின் தண்ணீரில் உப்புகள் அநேகமாக இல்லை, மழைநீர் மாதிரி. அங்கே 1842இல் யோசப் குரோல் காய்ச்சிய பொன்னிறப் பியர்தான் இன்று உலகம் முழுக்கக் குடிக்கும் லாகர்களுக்கு மூத்த அண்ணன். இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்துக் கிணறுகள் ஜிப்சம் பாறை வழியே ஊறுகின்றன. லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சல்பேற்று. அது ஹொப்ஸின் கசப்பைக் கத்திமுனை போல் தீட்டிவிடும். இந்தியாவுக்குக் கப்பலேற்றிய 'பேல் ஏல்' அங்கே செழித்தது அதனால்தான். டப்ளின் தண்ணீரோ இருகாபனேற்று நிறைந்தது, காரம். அதில் வெளிர் பியர் காய்ச்சினால் கரகரக்கும். கருக வறுத்த பார்லியின் புளிப்பு அந்தக் காரத்தைச் சமன் செய்ததால் அங்கே கறுப்பு ஸ்டவுட் நிலைத்தது. காய்ச்சியவர்களுக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது. பொருந்தாதது கடையில் விலைபோகாமல் செத்தது, பொருந்தியது பிழைத்தது.

நுவரெலியா எந்தப் பக்கம்? இந்த மலைகள் பழமையான பளிங்குருப் பாறைகள். சுண்ணாம்பு அரிது. அருவிகளில் இறங்கும் தண்ணீர் மென்மையானது, சவர்க்காரம் ஒரு தேய்ப்பில் நுரைக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் அரைக் கட்டியைக் கரைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆலைக்குத் தண்ணீர் வந்தது 'லவர்ஸ் லீப்' அருவிப் பக்கத்திலிருந்து என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகக் கணக்குப்படி இது பில்சன் கட்சி, பொன்னிற லாகருக்கே உரிய தண்ணீர். ஆனால் நுவரெலியாவின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது எது தெரியுமா? லயன் ஸ்டவுட். கன்னங்கரேலென்று, கோப்பியும் கறுப்புச் சீனியும் போல் மணக்கும் கனத்த பியர். மைக்கல் ஜாக்சன் என்ற பிரித்தானிய எழுத்தாளர் (பாடகர் அல்ல, உலகம் முழுவதும் அலைந்து பியரைப் பற்றியே எழுதியவர்) அதைப் புகழ்ந்த பிறகு மேல்நாட்டு ரசிகர்கள் வரைபடத்தில் நுவரெலியாவைத் தேடினார்கள்.

மென்னீரில் ஸ்டவுட் எப்படி? இந்த இடத்தில்தான் 'தண்ணீரின் மகிமை' என்ற விளம்பரக் கதையை நான் நம்புவதை நிறுத்துகிறேன். தண்ணீரில் இல்லாததைச் சேர்க்கலாம். பேர்ட்டனின் ரகசியம் ஜிப்சம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. உடனே மற்ற ஊர் ஆலைகள் மூட்டைகளில் ஜிப்சம் வாங்கித் தங்கள் தண்ணீரைப் பேர்ட்டன் தண்ணீராக்கிக்கொண்டன. இன்றைய பெரிய ஆலைகள் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் தண்ணீரையும் மென்சவ்வு வழியே அழுத்தி உப்புகளை உருவி எடுத்து வெறுமையாக்கிவிட்டு, வேண்டிய உப்புகளைத் தராசில் நிறுத்துச் சேர்க்கின்றன. பில்சன் தண்ணீரோ டப்ளின் தண்ணீரோ இப்போது ஒரு சமையல் குறிப்பு, அவ்வளவுதான்.

அதனால்தான் 1990களின் பிற்பாதியில் சிங்கத்தால் மலையை விட்டு இறங்க முடிந்தது. புதிய ஆலை கொழும்புக்கு அருகே பியகமவில், களனி கங்கைக் கரைப் பக்கம். குளிருக்கு இயந்திரம் வந்துவிட்டது, தண்ணீரைத் திருத்த வழி வந்துவிட்டது, கொதிநிலையும் நூறு பாகைக்கே திரும்பிவிட்டது. துறைமுகம் பக்கம். பார்லியும் ஹொப்ஸும் வெளிநாட்டிலிருந்து வருபவை, இலங்கையில் பியர் காய்ச்சும் அளவுக்கு இரண்டுமே விளைவதில்லை. அவற்றை மலைக்கு ஏற்றி, நிறைந்த போத்தல்களைத் திரும்ப இறக்கும் லொறிச் செலவு இனி எதற்கு? அந்தக் காலத்து நுவரெலியாச் சரக்கின் ருசி இப்போது இல்லை என்று எங்கள் பக்கத்துப் பழைய 'குடி'மக்கள் சத்தியம் செய்வார்கள். உண்மையாகவே மாறியிருக்கலாம். ஆறு பாகைக் கொதி வித்தியாசமும் புதிய தொட்டிகளும் சும்மா இருக்காது. உயரமான தொட்டியின் அடியில் அமுக்கம் கூடுதல். அந்த நெருக்கடியில் மதுவம் பழவாசனையை அடக்கி வாசிக்கும். ஆனால் இளமையில் குடித்ததன் ருசிக்கு இளமையும் ஒரு சேர்மானம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பூகோளம் இங்கே ஒரு குறும்பு செய்கிறது. நுவரெலியாவின் மழை நானுஓயா வழியே மகாவலிக்குப் போய் திருகோணமலைப் பக்கம் கடலைச் சேர்கிறது. ஹட்டனுக்கு அந்தப் பக்கம், காசல்ரீயிலும் மவுசாகலையிலும் பெய்யும் மழைதான் களனியாகிப் பியகமவைத் தாண்டி ஓடுகிறது. நுவரெலியாவை விட்டு இறங்கிய சிங்கம் போய் உட்கார்ந்தது மஸ்கெலியாக்காரர்களின் ஆற்றங்கரையில். 2016 மே மாத வெள்ளத்தில் அந்த ஆறு ஆலைக்குள்ளேயே புகுந்து, உற்பத்தி பல மாதம் நின்று, வெளிநாட்டிலிருந்து பியர் தருவிக்க வேண்டி வந்தது.

இனி மாமாவின் டின். பியகமவில் லயன் மட்டும் காய்ச்சவில்லை, டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க்கும் அனுமதி பெற்று அங்கேதான் தயாராகிறது. இது மோசடி இல்லை, லேபிளில் எழுதியே இருக்கிறது. உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. போத்தலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் என்றால், தண்ணீரைக் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்றுவது எந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பொறுக்கும்? தாய் ஆலை அனுப்புவது குறிப்பும் மதுவமும்தான். பிறகு பிள்ளை ஆலைகளிலிருந்து மாதிரிகளைத் திரும்ப வரவழைத்து நாக்காலும் கருவியாலும் சோதிப்பார்கள்.

மதுவத்தின் ஊர் எது என்று கேட்டால் கதை இன்னும் சுவையாகிறது. கார்ல்ஸ்பர்க்கைத் தொடங்கிய யாக்கொப்சன் 1845இல் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து மதுவத்தைத் தொப்பிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். குதிரை வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கிப் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே கொப்பன்ஹேகன் வரை போனாராம். அவருடைய ஆய்வுகூடத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்துக் காட்டினார். அதுவரை ஒவ்வொரு தொட்டியும் ஒரு கலப்படக் கூட்டம். எது நல்லது, எது காட்டு வகை என்று தெரியாமலே காய்ச்சினார்கள். கார்ல்ஸ்பர்க் அந்த மதுவத்தைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. சரி, டென்மார்க் மதுவம் உண்மையில் ஜெர்மன் மதுவம். அதோடு முடிந்ததா? லாகர் மதுவம் ஒரு கலப்பினம். தாய்தகப்பனில் ஒன்று ரொட்டி மதுவத்தின் இனம். மற்றது யாரென்று தெரியாமலே இருந்து, 2011இல் தென்னமெரிக்காவின் பட்டகோனியாக் காட்டில், மரத்தில் புடைக்கும் முடிச்சுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. மாமாவின் 'ஒரிஜினல்' இனி எந்த ஊரில் போய் நிற்கும்?

பிரதி எடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கின்னஸ்தான் நல்ல பாடம். 1960களின் தொடக்கத்திலேயே அது நைஜீரியாவில் காய்ச்சத் தொடங்கியது. 1980களின் இறுதியில் அந்த நாட்டு அரசு பார்லி இறக்குமதியைத் தடைசெய்தபோது ஆலை சோளத்தண்டுச் சாதிப் பயிரான இறுங்குக்கு மாறியது. பார்லிக்குப் பதில் இறுங்குக் கின்னஸ்! கறுப்பும் கசப்பும் டப்ளினில் தயாரித்த அடர்சாறாக வந்து சேர்ந்தது. லண்டனில் குடியேறிய நைஜீரியர்கள் அயர்லாந்துக் கின்னஸை ஒதுக்கிவிட்டு லாகோஸ் கின்னஸைக் கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்கு அதுதான் அசல். இதைப் பிரதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்கர்கள் இதே விசயத்துக்குக் கோர்ட்டு ஏறினார்கள். பிரேமன் நகரத்து ஜெர்மன் பியர் என்று நம்பி வாங்கிய பெக்ஸ், 2012இலிருந்து செயின்ட் லூயிஸில் காய்ச்சப்பட்டது தெரிந்ததும் வழக்கு. அமெரிக்கத் தயாரிப்பு என்ற எழுத்து லேபிளில் இருந்தது, கண்ணில் படும்படி இல்லை என்பதுதான் முறைப்பாடு. 2015இல் சமரசம், வாங்கியவர்களுக்கு வீட்டுக்கு 50 டொலர் வரை திரும்பக் கொடுத்தார்கள். வழக்கின் சாரம் ருசி கெட்டது என்பதல்ல. வெளிநாட்டுச் சரக்கின் விலையை ஏன் கொடுத்தோம் என்பதே.

ருசி வித்தியாசத்தை நீங்களே சோதிக்கலாம், தேத்தண்ணியில் செய்தாலும் சரி. மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே சரக்கு, மூன்றாவதில் மற்றது. ஊற்றியவர் வெளியே போய்விட வேண்டும். தனித்து நிற்கும் கிளாஸ் எது என்பது மட்டும்தான் கேள்வி. கண்ணை மூடிக் கைகாட்டினாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்து பேரில் மூன்று பேர் சரியாகச் சொன்னால் அது அதிர்ஷ்டமாகவே இருக்கலாம். நான்கு பேர் சொன்னால் கொஞ்சம் நம்பலாம், அதிர்ஷ்டம் அப்படி அமையும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் கீழே. லேபிளைப் பார்த்துக்கொண்டு குடித்தால் ஐந்துக்கு ஐந்து.

இப்படிச் சோதிக்கும்போது நாக்கு உண்மையாகவே பிடிக்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஊரைப் பற்றியது இல்லை, வயதைப் பற்றியது. வைன் அருந்துபவர்கள் பழசைக் கொண்டாடிக் கொண்டாடி எல்லா மதுவும் வைத்தால் நல்லது என்று நினைக்கவைத்துவிட்டார்கள். சாதாரண லாகர் பால் மாதிரி. ஆலையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து கீழே போகிற வழிதான். மூடிக்கடியில் மாட்டிக்கொண்ட துளி ஒட்சிசன் மெல்ல வேலை செய்து நனைந்த காகித அட்டை வாசனையைக் கிளப்பும். கடதாசிக் கொப்பியை மழையில் நனைத்துக் காயவைத்து முகர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஹொப்ஸின் கசப்பு மழுங்கும், ஒரு சீக்கு இனிப்பு ஏறும். சூடுதான் இதற்குக் கடிகாரம். தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், குளிர்ப்பெட்டியில் 300 நாள், மூன்றும் ஒரே முதுமை. ஐரோப்பாவில் கப்பலேறி, இந்து சமுத்திரத்தில் இரும்புக் கொள்கலனுக்குள் வெந்து, துறைமுகத்தில் வரி கட்டும்வரை வெயிலில் காய்ந்து வந்த 'அசல்', போன மாதம் பியகமவில் அடைத்ததைவிடக் கிழட்டுச் சரக்காக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தக் கிழட்டு வாசனையையே 'ஃபொரின் ருசி' என்று பழகிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு எதிரி வெளிச்சம். ஹொப்ஸின் கசப்புப் பொருள் மேல் நீல ஒளி பட்டால் அது உடைந்து, பியரிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றத்தைப் பெறும். அமெரிக்காவில் ஸ்கங்க் என்றொரு பிராணி பின்பக்கத்திலிருந்து பீச்சுமே, அந்த ரகம். (நம் மரநாயைச் சந்தேகிக்க வேண்டாம், அது பாவம் றம்பை இலை மாதிரி மணக்கும்.) லீற்றருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு போதும், மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைத் தடுக்கிறது, பச்சைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. ஐரோப்பியப் பெயர்கள் பலவும் அழகுக்காகப் பச்சைப் போத்தலை விடாமல் பிடித்திருக்கின்றன. டவுன் கடையில் கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில், ட்யூப் லைட்டுக்குக் கீழே பெருமையாக நிற்கும் பச்சைப் போத்தல்தான் கடையிலேயே மோசமான போத்தல். பின்வரிசையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். டின்னில் இந்தத் தொல்லை இல்லை. அந்த வகையில் மாமா கெட்டிக்காரர்.

பியருக்கு ஊர் இல்லை என்று நுவரெலியாவில் நின்றுகொண்டு சொல்வது கொஞ்சம் சங்கடம். சாலையின் இரண்டு பக்கமும் ஊரை விட்டு நகர மாட்டாத ஒரு ருசி பச்சைப் பசேலென்று நிற்கிறதே! தேயிலைக்கும் ஒரு சிங்கம் உண்டு. வாளேந்திய அந்தச் சின்னத்தை இலங்கைத் தேயிலைச் சபை எல்லாருக்கும் கொடுக்காது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பைக்கட் செய்திருக்க வேண்டும். பியர்ச் சிங்கம் மலை இறங்கியும் சிங்கமாகவே இருக்கிறது. தேயிலைச் சிங்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

காரணம் இரசாயனம்தான். பியரின் ருசி ஆலைக்குள் உருவாகிறது, தேயிலையின் ருசியில் பாதிக்கு மேல் செடியிலேயே முடிவாகிவிடுகிறது. தை தொடங்கிப் பங்குனி வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் குளிர்ந்த வறண்ட காற்று அடிக்கும்போது செடி வளர்ச்சியைச் சுருக்கி வாசனைப் பொருட்களைக் கொழுந்தில் சேர்க்கும். ஊவாப் பக்கம் அந்தக் காலம் ஆடி, ஆவணி, புரட்டாசி. ஊவாத் தேயிலையின் குளிர்ந்த மணத்தில் பெரும் பங்கு மெதைல் சலிசிலேற்று, மூட்டுவலித் தைலத்தில் மணக்கும் அதே பொருள். இந்தக் காற்றைப் பெட்டியில் அடைத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாது, மதுவத்தை அனுப்புகிற மாதிரி. கொழுந்தின் ருசி அன்றைய காற்றில் இருக்கிறது என்பதைப் புத்தகம் வாசிக்காமலே, கூடையைப் பார்த்தே சொல்லக்கூடிய பெண்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் பறித்ததுதான் கப்பலேறி, வேறு நாட்டுக் கொழுந்துகளோடு கலந்து, 'இங்லிஷ்' என்று தொடங்கும் பெயர்களில் உலகமெங்கும் விற்பனையாகிறது. இங்கிலாந்தில் அதைக் கலக்கும்போது லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஒரு கலவை, மென்னீர் ஊர்களுக்கு வேறு கலவை என்று பார்த்துக் கலப்பது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். தண்ணீர் அங்கேயும் விடுவதில்லை.

மாமாவின் லீவு முடிந்தது. மாமி பெட்டி அடுக்கினாள். டின்கள் வந்த அதே சாரங்களுக்குள் இப்போது தேயிலைப் பைக்கட்டுகள், நான்கு. சிங்கம் போட்டது இரண்டு, தோட்டத் தொழிற்சாலையில் வாங்கிய வெறும் கடதாசிப் பை இரண்டு.

"அங்க கடை பூரா தேயிலதானே மாமா, எதுக்கு இவ்வளவு சுமை?" என்றேன்.

"அங்க கிடைக்கிற தேயிலத்தூளா?" மாமா பெட்டியை அமுக்கிப் பிடித்துப் பூட்டினார். "அதெல்லாம் பேரு மட்டுந்தான் மாப்பிள."